பெரியவர் வந்திருக்கிறார்

அக்காவின் குரலை யாரோ எடுத்துவிட்டார்கள்.

காலையில் கடை திறந்த கையோடு அவள் பால் வைக்கும் குளிர்பெட்டி முன் நின்று, நேற்றைய பாக்கெட்டுகளை முன்னுக்கு இழுத்து, இன்றைக்கு வந்தவற்றைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அது அவள் செய்யவேண்டிய வேலையே இல்லை. ஆனால் வேறு யார் செய்தாலும் அவளுக்குத் திருப்தி வராது. அப்போது தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்துவிட்டுப் பேசியது.

"வாங்க. எடுத்துப் பாருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வார்த்தை அக்காவுடையது. இத்தனை வருஷமாக எல்லாக் கடைகளிலும் ஒலித்துவந்த அதே வார்த்தை. குரல்தான் அவளுடையது இல்லை. இது சளியே பிடித்தறியாத வழவழ குரல். முடிவில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை அக்கா கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வாள். தம்பி பெண்டாட்டியின் சிரிப்பு அது.

பிடித்த பிடியில் பாக்கெட்டின் மூலை கிழிந்து பால் முழங்கை வரை வழிந்தது.

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு பழகிவருகிறவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

அக்காவின் அப்பாவைக் கம்பெனியில் எல்லாரும் பெரியவர் என்பார்கள். ஒரு காலத்தில் அவர் வைத்திருந்தது ஒரே ஒரு கடை. குறுக்கே நீளமாக ஒரு மரமேஜை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஜனம். கேட்டதை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். மேஜையைத் தாண்டி யாராவது கை நீட்டினால் போச்சு, அவர் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள் மேஜையை உடைத்து விறகாக்கினார். இனிமேல் வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஊரே வாய்விட்டுச் சிரித்தது. சிரித்தவர்கள் வேடிக்கை பார்க்க உள்ளே வந்தார்கள். வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எடுத்தால் பெரியவர் கத்துவாரோ என்று ஒருத்தருக்கும் சோப்பைத் தொடக்கூடத் துணிச்சல் வரவில்லை.

பெண் அப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். எங்கேயோ போய் ஒரு மைக்கை வாடகைக்குப் பிடித்து வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தொண்டை நடுங்க அந்த வார்த்தையைச் சொன்னாள். எடுத்துப் பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கடையில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு அம்மாள் சோப்பை எடுத்து மோந்து பார்த்தாள். பெரியவர் கத்தவில்லை. அவள் அதைக் கூடையில் போட்டாள். கம்பெனி பிறந்தது அந்த நிமிஷத்தில்தான்.

அந்தக் கடைக்கு இப்போது தாய்க்கடை என்று பெயர். அதற்குப் பிறகு பதினோரு பிள்ளைக் கடைகள். பையிலும் லாரியிலும் அக்காவின் வார்த்தைதான் அச்சடித்திருக்கும். கல்யாணமாகி, பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரோடு நான்கு தெரு தள்ளிக் குடித்தனம் போன பிறகும் அவள் தாய்க்கடையை விடவில்லை. கடைச் சிப்பந்திகளுக்கு மட்டுமில்லை, சில நேரம் வாய் தவறிப் பெரியவருக்கே அவள் அக்காதான்.

அக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் தம்பி பெண்டாட்டி. அவளுக்கு இவள் அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில் "புதுசா வந்திருக்காங்களே, அவங்க" என்று சிப்பந்திகள் பேசிப் பேசி, அது சுருங்கிப் புதுசு என்று ஆகிவிட்டது. ஒன்பது வருஷம் ஆகியும் அவள் புதுசுதான். தம்பி குடோனையும் லாரிகளையும் கட்டி மேய்க்க, புதுசு தலைமை அலுவலகத்தில் விளம்பரம் பார்த்தாள்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் பெரியவர் போட்ட குண்டு நினைவிருக்கும். முட்டி வலிக்கிறது, பதின்மூன்றாவது கடை திறக்கிற அன்றைக்கு எல்லாக் கடைகளுக்கும் இனி யார் பொறுப்பு என்று சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்கவில்லை. புதுசைப் பார்த்து, "அன்னிக்கு மைக்ல நீ பேசும்மா" என்றார்.

அந்த நாள் இன்றைக்கு.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு நேரே மேற்பார்வையாளரிடம் போனாள். அவருக்கு மீசை என்று பெயர். மீசையை மழித்துப் பல காலம் ஆகிறது, பெயர் மட்டும் மழியவில்லை. ஒலிபெருக்கியில் குரலை மாற்றியது யார் என்று கேட்டாள். அலுவலகத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக எல்லாக் கடைக்கும் அனுப்பிவிட்டார்கள், உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றார் மீசை. அக்கா சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, தெரியும் என்றாள். தனக்குத் தெரியாமல் கடையில் ஒன்று நடந்தது என்று ஒத்துக்கொள்வதைவிட அவளுக்குப் பொய் சுலபமாக இருந்தது.

பழசு முன்னுக்கு, புதுசு பின்னுக்கு. அப்பா கடையில் போட்ட முதல் சட்டம் இது. பாலுக்கு மட்டும்தான் அது செல்லும் போலிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

புதுக் கடைக்குப் போக உடை மாற்ற வீட்டுக்கு வந்தவள் கணவரிடம் பொரிந்து தள்ளினாள். அவர் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். தொழிலில் தலையிடமாட்டார். வார்த்தையில் தலையிடுவார்.

"இதுக்குத் தமிழ்ல பொறாமைன்னு பேரு" என்றார்.

"எனக்கா? அவமேலயா?"

"நான் பேருதான் சொன்னேன். யாருக்குன்னு சொல்லல."

அக்கா கதவைச் சாத்திய வேகத்தில் அவர் தாடையில் ஒரு கீறல் விழுந்தது.

பதின்மூன்றாவது கடை கண்ணாடியும் வெளிச்சமுமாக நின்றது. தாய்க்கடையை நான்கு தடவை உள்ளே போட்டுக்கொள்ளலாம். மரச்சட்டம் இல்லை, தூசி இல்லை, எலிப்பொறி வைக்க மூலை இல்லை. அக்காவுக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவே ஒரு குறையாக இருந்தது.

ரிப்பன் கிடையாது. ரிப்பன் வெட்டுகிற நேரத்தில் ரெண்டு பேர் சாமான் வாங்கிட்டுப் போயிடுவாங்க என்பது பெரியவர் கட்சி. அதனால் காலையிலேயே கதவைத் திறந்துவிட்டு, கூட்டம் சேர்ந்த பிறகு அவர் வருவது, வந்ததும் புதுசு மைக்கில் அறிவிப்பது என்று ஏற்பாடு. அதிலும் ஒரு அதிசயம், இன்றைக்கு அவர் முன்வாசல் வழியாக வரப்போகிறார். மற்ற நாட்களில் சிப்பந்திகள் வாசலில் நுழைந்து பூனை போல வருவார். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் சத்தம்தான் முதலில் வரும். எல்லாக் கடைச் சாவியும் அதில் உண்டு. யார் இடுப்புக்கு அது போகிறதோ அவர்தான் அடுத்த பெரியவர். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அக்காவுக்கு அந்தக் கொத்து வேண்டும். கேட்டு வாங்கக் கூடாது. தானாக வரவேண்டும்.

ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவள் நின்றிருந்தபோது புதுசு தேடிக்கொண்டு வந்தாள். புடவையில் ஒரு மடிப்பு கலையவில்லை. விடியற்காலையிலிருந்து நிற்கிறவள் இவள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

"அண்ணி, குரலை மாத்தினது கேட்டிருப்பீங்க. மாமாதான் சொன்னார். உங்ககிட்ட அவரே சொல்றேன்னாரே, சொன்னாரா?"

சொல்லவில்லை. ஆனால் மருமகளுக்குத் தெரிந்து மகளுக்குத் தெரியாமல் போனது என்று இவளிடமா காட்டிக்கொள்வது? "சொன்னார், சொன்னார்" என்றாள் அக்கா.

புதுசின் முகம் மலர்ந்தது. "அப்பாடா. நான் பேசப்போறதைக் கொஞ்சம் கேளுங்களேன். மைக்கெல்லாம் உங்களுக்குத்தான் பழக்கம். தப்பிருந்தா சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "அன்பான வாடிக்கையாளர்களே, நம் குடும்பத்தின் பதின்மூன்றாவது கடைக்கு உங்களை வரவேற்கிறோம். இதோ, நம் பெரியவர் வந்திருக்கிறார்..."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாகவேண்டும். தாய்க்கடை தொடங்கிய கொஞ்ச காலத்தில் ஒரு மாலை, முன்வாசலுக்கு மேலிருந்த மின்பலகையில் புகை கிளம்பிவிட்டது. கடையில் எள் போட்டால் விழாத கூட்டம். தீ என்று ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் மிதிபட்டே பத்துப் பேர் போயிருப்பார்கள். அக்கா மைக்கை எடுத்து, கல்யாண வீட்டில் பேசுகிற மாதிரி, பெரியவர் வந்திருக்கார், எல்லாரும் பின்பக்கமா வந்து பாருங்க என்றாள். பெரியவர் என்றதும் சிப்பந்திகள் அலறிப்புடைத்து நிமிர்ந்தார்கள். வாடிக்கையாளர்கள் யாரடா அது பெரியவர் என்று பார்க்க வரிசையாகப் பின்வாசலில் வெளியே போனார்கள். முன் ஷட்டரை இறக்கித் தெருவிலிருந்து யாரும் வராமல் தடுத்தார்கள். ஒருத்தருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை.

அன்றிலிருந்து அது கம்பெனிச் சட்டம். மைக்கில் "பெரியவர் வந்திருக்கார்" என்று கேட்டால் பில் போடுவதை நிறுத்தி, சிரித்த முகமாக ஜனங்களைப் பின்னால் அனுப்பி, முன் ஷட்டரை இறக்கி, மெயினை அணைக்கவேண்டும். மைக்குக்கு மட்டும் தனி பேட்டரி. "பெரியவர் கிளம்பிட்டார்" என்று மறுபடி மைக்கில் வரும்வரை யார் வந்து கத்தினாலும் ஷட்டரைத் தூக்கக் கூடாது. இதில் அறிவு எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று யாரும் ஆராய்ந்ததில்லை. எழுதிவைத்ததும் இல்லை. வெளியே தெரிந்தால் பலிக்காது என்பதால் கடைத்தளத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அக்கா வாயால் சொல்லிக்கொடுப்பாள். போன வாரம் இந்தக் கடைக்காரர்கள் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அலுவலகத்தில் இருக்கிறவளுக்கு எதற்கு என்று புதுசைக் கூப்பிடவில்லை.

"...அவர் இன்னிக்கு உங்ககிட்ட ஒரு முக்கியமான..." என்று புதுசு தொடர்ந்துகொண்டிருந்தாள்.

"போதும்" என்றாள் அக்கா. "நல்லாத்தான் இருக்கு."

"மிச்சத்தையும் கேளுங்க அண்ணி. அதுதான் முக்கியம்."

"எனக்கு வேலை இருக்கும்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சொன்னது அவள்தான். வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. ஸ்டோர் ரூமை விட்டு வெளியே வந்து, எண்ணெய் வரிசை வரை நடந்தாள். போய்ச் சொல்லிவிடலாம். "வந்திருக்கிறார்"ங்கிறதை எடுத்துடு, வேற மாதிரி சொல்லு என்றால் முடிந்தது. எத்தனை நேரம் ஆகப்போகிறது?

திரும்பினாள். திரும்பியே விட்டாள். நாலு அடி நடக்கவும் செய்தாள்.

அங்கே, திறப்பு நாள் உதவிக்கு வந்திருந்த மீசை, தன் சொந்த மீசை, தாய்க்கடையில் அவள் வளர்த்த மனுஷன், புதுசிடம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் அடுக்கு ஒன்றைப் பார்த்துப் புதுசு ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். "அப்படியே செஞ்சுடலாம் சின்னக்கா."

சின்னக்கா.

அக்கா நின்றாள். ஆக, குரல் போயிற்று, இப்போது பேரும் போகிறது. மிச்சம் சாவிக்கொத்துதான். அதையும் மாமனார் கையால் வாங்கிக்கொண்டு, அந்தச் சிரிப்பைச் சிரித்து, "எல்லாம் அண்ணி ஆசீர்வாதம்" என்பாள். அக்கா கைதட்டவேண்டும்.

அவள் மறுபடி திரும்பி நடந்தாள். இந்த முறை நிற்கவில்லை.

முற்பகலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. தாய்க்கடையின் பழைய வாடிக்கையாளர்கள் கூடையோடு வந்து, ஆச்சரியப்பட்டு, அக்காவைத் தேடிப் பிடித்து வாழ்த்தினார்கள். அவள் சிரித்துச் சிரித்து வாய் வலித்தது. கண் மட்டும் முன்வாசலிலேயே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கார் வந்து நின்றது. தம்பி இறங்கிக் கதவைத் திறந்தான். பெரியவர் புது வேட்டி கசங்காமல் ஊன்றுகோலைப் பிடித்து இறங்கினார். முன்வாசலை நோக்கி மெதுவாக வந்தார். இடுப்பில் கொத்து ஆடியது.

சின்ன மேடையில் புதுசு மைக்கை வாங்கினாள். அக்காவைத் தேடிப் பார்த்துத் தலையசைத்தாள்.

இப்போதும் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். கூட்டம்தான் தடுத்தது என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூட்டம் அப்படியொன்றும் தடுக்கவில்லை.

"அன்பான வாடிக்கையாளர்களே..." என்று குரல் உள்ளேயும், தெருவில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலும் குளிர்ச்சியாகப் போயிற்று. "இதோ, நம் பெரியவர் வந்திருக்கிறார்."

சிப்பந்திகள் அழகாகச் செய்தார்கள். அதைச் சொல்லியே ஆகவேண்டும். அக்கா பழக்கிய ஆட்களில்லையா? பில் இயந்திரங்கள் ஒன்றாக நின்றன. "இந்தப் பக்கமா வாங்கம்மா, கூடையோடயே வாங்க" என்று சிரித்த முகமாகக் கூட்டத்தைப் பின்வாசலுக்குத் திருப்பினார்கள். பெரியவரைப் பார்க்கப்போகிறோம் என்று ஜனங்களும் சந்தோஷமாகப் போனார்கள். மீசை பொத்தானை அழுத்தினார். பெரியவர் முதல் படியில் கால் வைத்த நேரத்துக்கு ஷட்டர் கடகடவென்று இறங்கி அவர் மூக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தது. பிறகு விளக்குகள் அணைந்தன.

முதலில் அக்காவுக்கு வந்தது மகிழ்ச்சிதான். மறைப்பானேன்? மேடையில் மைக்கும் கையுமாக விழித்துக்கொண்டு நின்ற புதுசைப் பார்க்க அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மடிப்புக் கலையாத புடவைக்காரி, தேன்குரல்காரி, இப்போ பேசு பார்க்கலாம்.

அப்புறம் ஷட்டரின் அந்தப் பக்கம் ஊன்றுகோலால் யாரோ இரண்டு முறை தட்டினார்கள். சாவிக்கொத்துக் குலுங்கிய சத்தமும் கேட்டது.

குளிர்ச்சி அவ்வளவுதான். போய்விட்டது.

மீசை டார்ச்சோடு ஓடிவந்தார். "எங்கேக்கா புகை? எந்தப் பக்கம்?"

புதுசு என்ன புகை என்று கேட்டாள். அவர் அவசர அவசரமாகச் சொன்னார், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று. சொல்லிவிட்டு, "ஏன், அக்கா உங்களுக்குச் சொல்லித் தரலையா?" என்றார் வெள்ளந்தியாக.

அரையிருட்டில் புதுசு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. மீசையைப் பின்வாசலில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள். மைக்கை அணைத்தாள்.

"காலைல உங்ககிட்டதான் சொல்லிக் காமிச்சேன் அண்ணி."

அக்கா மூடிய ஷட்டரைப் பார்த்தாள்.

"தெரியலைன்னு சொல்லிடாதீங்க. அந்த வார்த்தையே உங்களோடதாம்."

"நான் எதுவும் சொல்லல."

"ஆமா, சொல்லல." புதுசு மேடையிலிருந்து இறங்கினாள். குரலில் தேன் இல்லை. "ஒம்பது வருஷமாச்சு, நான் இன்னும் புதுசுதான். வீட்ல மாமா வாயைத் திறந்தா அக்கா, அக்காதான். எனக்கு மட்டும் எரியாதுன்னு நெனச்சீங்களா? எரியும். ஆனா நான் உங்களைத் தெருவுல நிறுத்தினதில்ல."

"குரலை எடுத்துக்கிட்டியே" என்றாள் அக்கா. சின்னப் பெண்ணைப் போல இருந்தது அவளுக்கே.

"நானா எடுத்தேன்? நீங்க பாதிலயே போதும்னுட்டீங்க. அடுத்த வரி என்னன்னு தெரியுமா?" புதுசு காலையில் விட்ட இடத்திலிருந்து, மனப்பாடமாக, மெதுவாகச் சொன்னாள். "அவர் இன்னிக்கு உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லப்போறார். இனிமே நம்ம எல்லாக் கடைக்கும் பொறுப்பு அவரோட பொண்ணு. முதன்முதல்ல உங்களை எடுத்துப் பாருங்கன்னு கூப்பிட்ட அதே அக்கா."

கடையில் குளிர்பெட்டிகளின் இரைச்சல்கூட இல்லை.

"தலைமைல உக்கார்றவ நாள் முழுக்க ஸ்பீக்கர்ல சோப்பு வித்துக்கிட்டிருக்கக் கூடாதாம். மாமா சொன்னார். அதுக்குத்தான் மாத்தினோம். மேடைல உங்க முகத்தைப் பாக்கணும்னு முன்கூட்டிச் சொல்லாம வெச்சிருந்தார். காலைல நீங்க சொன்னார்னதும், எல்லாத்தையும் சொல்லிட்டார்னு நெனச்சேன்."

அக்கா பக்கத்திலிருந்த அலமாரித் தட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வரி. இன்னும் ஒரே ஒரு வரி நின்று கேட்டிருந்தால் போதும். கேட்கவிடாமல் செய்தது எது என்று கணவர் காலையிலேயே பேர் சொல்லியிருந்தார்.

ஊன்றுகோல் மறுபடி தட்டியது. இந்த முறை ஒரே தட்டு.

பின்வாசலிலிருந்து மீசை குரல் கொடுத்தார். புகை எங்கேயும் இல்லை, ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள், மைக்கில் வார்த்தை வந்தால்தான் மெயின் போடுவோம் என்று ஆட்கள் நிற்கிறார்கள் என்றார். நானே வந்து நேரில் கத்தினாலும் தூக்காதே என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

புதுசு மைக்கை நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க. உங்க வார்த்தைதானே."

அக்கா வாங்கி அதன் பொத்தானைப் போட்டாள். தெரு ஒலிபெருக்கியும் இதே பேட்டரியில்தான் ஓடுகிறது. ஷட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் கேட்கும். அவருக்கு அந்த வார்த்தை தெரியும். புகை வந்த அன்றைக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழுத மனுஷர். வார்த்தையை உண்டாக்கிய மகள் இத்தனை நேரம் ஏன் வாய் திறக்கவில்லை என்று அவர் யோசிக்காமல் இருக்கமாட்டார். ஆனால் வேறு வார்த்தை எதற்கும் ஷட்டர் எழும்பாது.

"பெரியவர்..." என்றாள். தொண்டை நடுங்கியது, ஸ்டூலில் உட்கார்ந்து முதல் தடவை பேசியபோது நடுங்கிய மாதிரியே. "பெரியவர் கிளம்பிட்டார்."

விளக்குகள் எரிந்தன. குளிர்பெட்டிகள் உறுமிக்கொண்டு எழுந்தன. ஷட்டர் மெல்ல மேலே போயிற்று. அடியில் முதலில் வெளிச்சம் தெரிந்தது, பிறகு தம்பியின் காலணிகள். அக்கா அவற்றுக்குப் பக்கத்தில் அப்பாவின் பழைய செருப்பைத் தேடினாள்.

படியில் தம்பி மட்டும் நின்றிருந்தான். தெருமுனையில் கார் திரும்பிக்கொண்டிருந்தது.

தம்பி உள்ளே வந்தான். அக்காவைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை அவனுக்கு. "ஷட்டர் விழுந்ததும் சிரிச்சார்க்கா. அவ தெரியாம சொல்லிட்டா, உள்ளே அக்கா இருக்கா, இப்ப தூக்கச் சொல்லிடுவான்னார். தட்டினார். நின்னார். ரொம்ப நேரம் நின்னார்." திறந்த வாசலைத் திரும்பிப் பார்த்தான். "அப்புறம் உன் குரல் நடுங்கிக்கிட்டு வந்துச்சு. 'அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சுதான் இருந்திருக்கு'ன்னு சொன்னார். அப்படியே கார்ல ஏறிட்டார்."

அவன் உள்ளங்கையைத் திறந்தான். சாவிக்கொத்து இருந்தது. அப்பாவின் இடுப்பை விட்டு அது தனியாக இருந்து அக்கா பார்த்ததே இல்லை.

"யாருக்குன்னு சொன்னார்?" என்று கேட்டது புதுசு.

"கேட்டேன். அதை அவங்க ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்னுட்டார்."

தம்பி முதல் பில் மேஜையின் மேல் கொத்தை வைத்தான். அந்தப் பக்கம் புதுசு நின்றாள், இந்தப் பக்கம் அக்கா. பின்வாசல் வழியாகச் சிப்பந்திகளும் ஜனங்களும் கூடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் ஏதோ தோன்றி அப்படி அப்படியே நின்றார்கள். மீசை யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

மின்சாரம் வந்ததில் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியும் உயிர் பெற்று, ஒருமுறை கரகரத்துவிட்டு, தானாகவே பேசியது.

"வாங்க. எடுத்துப் பாருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இரண்டு பேரில் ஒருத்தியும் கையை நீட்டவில்லை.